மூன்று சிறு வேலை, எத்தனை சான்றிதழ்? லண்டன் வாடகை வீடு ஒன்றை வைத்து ஓர் ஆய்வு

லண்டனில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவர்கள் எலக்ட்ரீசியனை அழைக்கும்போது பெரும்பாலும் சொல்வது இதுதான்: "சின்ன வேலைதான், முடித்துவிட்டு ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்துவிடுங்கள்." அந்த ஒரு சர்டிபிகேட் எது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வேலை சிறிதா பெரிதா என்பதை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. பியூஸ் பெட்டியில் காலியாக இருக்கும் இடத்தில் புது பிரேக்கர் ஒன்றைப் பொருத்தி, ஒரே ஒரு மீட்டர் கேபிள் இழுத்து, ஒரு சாக்கெட் போட்டாலும் அது புதிய சர்க்யூட். அதற்குப் பெரிய சான்றிதழ் வேண்டும். வீடு முழுக்க இருபது விளக்குகளைக் கழற்றி மாற்றினாலும் சர்க்யூட்டுகள் பழையவைதான். அதற்குச் சிறிய சான்றிதழே போதும்.

கீழே வருவது ஒரு மாதிரி நிகழ்வு. இங்கிலாந்தின் பழைய வீடுகளில் அடிக்கடி எதிர்ப்படும் நிலைமைகளை ஒரே வீட்டில் சேர்த்து அமைத்திருக்கிறோம். மின்தடை, மின்னழுத்த அளவுகள் கேபிளின் நீளத்தையும் பருமனையும் வைத்துக் கணக்கிட்டவை. வேறு வீட்டிலும் இதே முறையில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வீடும் வேலையும்

ஹாரோ பக்கத்தில் 1930களில் கட்டிய மூன்று படுக்கையறை வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. வீட்டுக்காரர் கேட்டது மூன்று வேலைகள். சமையலறையில் இரண்டு இரட்டைச் சாக்கெட்டுகள் கூடுதலாக வேண்டும். குளியலறையில் இதுவரை இல்லாத காற்றுவெளியேற்றி விசிறி ஒன்று, குளியல்தொட்டிக்கு மேலே சுவரில் 2.1 மீட்டர் உயரத்தில் வர வேண்டும். தோட்டத்துக் கொட்டகைக்கு ஒரு விளக்கும் ஒரு சாக்கெட்டும் வேண்டும். பியூஸ் பெட்டி சுமார் இருபது ஆண்டு பழைய பிளாஸ்டிக் பெட்டி. சாக்கெட் சர்க்யூட்டுகளுக்கு மட்டும் பொதுவாக ஒரு 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) இருக்கிறது. விளக்கு சர்க்யூட்டுகள் அதற்கு வெளியே நிற்கின்றன. மின்வாரியத்தின் இணைப்பு டிஎன்-சி-எஸ் வகை, அதாவது நியூட்ரலும் எர்த்தும் வீடுவரை ஒரே கம்பியில் வருவது.

மேசையில் இருக்கும் மூன்று தாள்கள்

பிஎஸ் 7671 என்ற பிரிட்டிஷ் வயரிங் விதிநூலின் 6ஆம் பிற்சேர்க்கையில் மாதிரிப் படிவங்கள் இருக்கின்றன. 18ஆம் பதிப்பு 2018இல் வந்தது, அதன் இரண்டாம் திருத்தம் 2022இல் வந்தது. வீட்டு வேலைக்குத் தெரிந்திருக்க வேண்டிய படிவங்கள் மூன்று.

முதலாவது மின் நிறுவல் சான்றிதழ். தொழிலில் இதை இஐசி என்பார்கள். புதிய நிறுவல், புதிய சர்க்யூட், பியூஸ் பெட்டி மாற்றம் ஆகியவற்றுக்கு இது கட்டாயம். வடிவமைப்பு, கட்டுமானம், பரிசோதனை என்று மூன்று பொறுப்புகளுக்கு மூன்று கையெழுத்து வேண்டும். மூன்றையும் ஒருவரே செய்திருந்தால் ஒற்றைக் கையெழுத்து வடிவம் உண்டு. பார்வைப் பரிசோதனைப் பட்டியலும் சர்க்யூட் விவரங்களோடு சோதனை முடிவுப் பட்டியலும் சேர்ந்தால்தான் அது முழுச் சான்றிதழ். முதல் பக்கத்தை மட்டும் கொடுத்தால் அது செல்லாது.

இரண்டாவது சிறு வேலைச் சான்றிதழ். தொழிலில் மைனர் வொர்க்ஸ் என்பது இதுதான். இருக்கும் சர்க்யூட்டில் ஒரு சாக்கெட் அல்லது விளக்குப் புள்ளி சேர்ப்பது, ஸ்விட்சை இடம் மாற்றுவது போன்றவற்றுக்கு இஐசிக்குப் பதிலாக இதைக் கொடுக்கலாம். மாற்றிய அல்லது நீட்டித்த ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் ஒரு தாள் என்பது இதில் பலர் தவறவிடும் விஷயம். பியூஸ் பெட்டியையோ அதுபோன்ற சாதனத்தையோ மாற்றினால் இதைப் பயன்படுத்தக் கூடாது.

மூன்றாவது இஐசிஆர் எனப்படும் நிலை அறிக்கை. இருக்கும் நிறுவல் இன்று என்ன நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்வது மட்டுமே இதன் வேலை. புதிதாகச் செய்த வேலைக்குச் சான்றிதழாக இஐசிஆரை நீட்டுவது பெரிய தவறு. வீட்டுக்காரர்களுக்கு நன்கு தெரிந்த பெயர் இதுதான் என்பதால் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளுக்கான 2020 ஒழுங்குமுறைப்படி, அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்து அறிக்கை வாங்க வேண்டும். அதனால் 'வாடகை வீட்டுக்கு இஐசிஆர்தான்' என்ற எண்ணம் ஊறிவிட்டது.

வேலைகளை அல்ல, சர்க்யூட்டுகளை எண்ண வேண்டும்

பெட்டி புதியதாக, ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி ஆர்சிபிஓ (பிரேக்கரும் ஆர்சிடியும் சேர்ந்த சாதனம்) உள்ளதாக இருந்திருந்தால் கணக்கு எளிது. சமையலறைச் சாக்கெட்டுகள் ரிங் சர்க்யூட்டில் (பெட்டியிலிருந்து கிளம்பிச் சாக்கெட்டுகளைச் சுற்றி மீண்டும் பெட்டிக்கே வரும் வளையம்) சேர்கின்றன. கொட்டகைக்கு அதே ரிங்கிலிருந்து 13 ஆம்பியர் பியூஸ் ஸ்பர் (பியூஸ் வைத்துப் பிரியும் கிளை) எடுத்தால் அதுவும் ரிங்கின் நீட்சிதான். விசிறி மாடி விளக்கு சர்க்யூட்டில் சேர்கிறது. வேலைகள் மூன்று, மாறும் சர்க்யூட்டுகள் இரண்டு. ஆகவே இரண்டு மைனர் வொர்க்ஸ் போதும்.

பியூஸ் ஸ்பரைப் பற்றி ஒரு விவாதம் உண்டு. ஒரே பாதுகாப்புச் சாதனத்தின் கீழ், ஒரே மூலத்திலிருந்து மின்சாரம் பெறும் தொகுதியே சர்க்யூட் என்று விதிநூல் வரையறுக்கிறது. எழுத்துக்கு எழுத்து பார்த்தால், ஸ்பரில் உள்ள 13 ஆம்பியர் பியூஸுக்குப் பிறகு வருவது தனி சர்க்யூட் ஆகிறதே என்பார்கள். நடைமுறையில் தொழில் அதை ரிங்கின் கிளையாகவே நடத்துகிறது. அதுவே நியாயமான வாசிப்பு என்பது எங்கள் கருத்து. ஆனால் கொட்டகைக்குள் இரண்டு பிரேக்கர் கொண்ட குட்டிப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டால் அந்த விவாதத்துக்கே இடமில்லை. அது புதிய விநியோகப் பெட்டி, அதன் கீழே இருப்பவை புதிய சர்க்யூட்டுகள். ஆகவே இஐசி வேண்டும். 'ரெண்டு வே பெட்டிதானே' என்று மைனர் வொர்க்ஸ் எழுதுவதுதான் கொட்டகை வேலைகளில் வழக்கமாக நேரும் பிழை.

அறிவிப்பு வேறு கேள்வி

எந்தச் சான்றிதழ் என்பதைப் பிஎஸ் 7671 முடிவு செய்கிறது. உள்ளூர் கட்டட அதிகாரிக்குத் தகவல் போக வேண்டுமா என்பதைக் கட்டட விதிகளின் பி பகுதி (Part P) முடிவு செய்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கிலாந்தில் 2013 ஏப்ரல் முதல் வீடுகளில் அறிவிக்க வேண்டியவை இவை: புதிய சர்க்யூட், பியூஸ் பெட்டி மாற்றம், சிறப்பு இடங்களில் இருக்கும் சர்க்யூட்டைக் கூட்டுவது அல்லது மாற்றுவது. குளியலறை முழுவதும் சிறப்பு இடம் அல்ல. தொட்டியின் விளிம்பிலிருந்து கிடையாக 0.6 மீட்டர், தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரையுள்ள பகுதிதான் கணக்கு. தட்டு இல்லாத ஷவருக்கு ஷவர் தலையின் மையத்திலிருந்து 1.2 மீட்டர்.

இந்த வீட்டில் விசிறி 2.1 மீட்டரில், தொட்டிக்கு நேர் மேலே வருகிறது. ஆகவே சான்றிதழ் மைனர் வொர்க்ஸ் ஆக இருந்தாலும் அறிவிப்பு கட்டாயம். அதே விசிறியை 2.4 மீட்டர் உயரக் கூரையில் பொருத்தினால் அறிவிப்பு வேண்டாம், மைனர் வொர்க்ஸ் மட்டும் போதும். சமையலறைச் சாக்கெட்டுக்கு இங்கிலாந்தில் அறிவிப்பு இல்லை, வேல்ஸில் உண்டு. ஸ்காட்லாந்தில் முறையே வேறு. கீழே கடை, மேலே குடியிருப்பு, இரண்டுக்கும் ஒரே மின் இணைப்பு என்றால் கடைப் பகுதியும் பி பகுதிக்குள் வருகிறது. லண்டனில் நம்மவர்கள் நடத்தும் பலசரக்குக் கடைகள் பலவும் இப்படி மாடிவீட்டோடு சேர்ந்தவை. ஆகவே கடையில் புது குளிர்பெட்டிக்கு லைன் இழுக்கும் முன் மீட்டர் ஒன்றா இரண்டா என்று பார்த்துவிடுங்கள்.

பெட்டியைத் திறந்ததும் கணக்கு மாறியது

இரண்டு மைனர் வொர்க்ஸ், ஓர் அறிவிப்பு என்று போட்ட திட்டம் பெட்டியைத் திறந்ததும் நிற்கவில்லை. காரணம் மூன்று.

குளியல்தொட்டி இருக்கும் அறைக்கு மின்சாரம் தரும் எல்லா சர்க்யூட்டுக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி பாதுகாப்பு வேண்டும். மாடி விளக்கு சர்க்யூட்டுக்கு அது இல்லை. வீடுகளில் விளக்கு சர்க்யூட்டுகளுக்கே ஆர்சிடி வேண்டும் என்பதும் 18ஆம் பதிப்பிலிருந்து விதி. பிரேக்கரைக் கழற்றி அந்த இடத்தில் ஆர்சிபிஓ போட்டால் தீரும். அதற்கும் மைனர் வொர்க்ஸே போதும். ஆனால் அந்தப் பெட்டிக்கான ஆர்சிபிஓ இப்போது தயாரிப்பில் இல்லை. வேறு நிறுவனத்தின் சாதனம் உள்ளே உட்காரும் என்பதற்காக அதைத் திணிக்கக் கூடாது. பெட்டிக்குள் பிரேக்கர்களுக்கு மின்சாரம் தரும் உலோகப் பட்டையான பஸ்பாரோடு சரியாகப் பிடிக்காமல் சூடேறினால் அதற்குப் பொறுப்பு பொருத்தியவர்தான்.

இரண்டாவது, சாக்கெட் பக்கத்தில் இருக்கும் ஆர்சிடி ஏசி வகை, அதாவது மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் உணர்வது. நேர்மின்னோட்டக் கலப்பு இல்லாத, இன்னதென்று தெரிந்த நிலையான சுமைக்கு மட்டும்தான் ஏசி வகை என்று இன்றைய விதி சொல்கிறது. சாக்கெட்டில் யார் எதைச் செருகுவார்கள் என்று தெரியாது. புதிதாகச் சேர்க்கும் சாக்கெட்டுக்கு ஏ வகைதான் பொருத்தம்.

மூன்றாவது, எரிவாயுக் குழாயின் பாண்டிங் கம்பி (குழாயைப் பிரதான எர்த்தோடு இணைப்பது) 6 சதுர மி.மீ. டிஎன்-சி-எஸ் இணைப்புக்கு 10 சதுர மி.மீ. வேண்டும். பிரதான எர்த் கம்பியும் 6தான். 25 சதுர மி.மீ. பிரதான கேபிளுக்கு 16 வேண்டும். தண்ணீர்க் குழாய் பிளாஸ்டிக்கில் உள்ளே வருவதால் அதற்குப் பாண்டிங் தேவையில்லை. படிவத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாமல் 'பொருந்தாது' என்று எழுத வேண்டும். எர்த்தும் பாண்டிங்கும் போதாத இடத்தில் கூடுதல் வேலை செய்யவே கூடாது என்பது விதி. 'பாண்டிங் போதவில்லை' என்று குறிப்புக் கட்டத்தில் எழுதிவிட்டு சாக்கெட்டை மாட்டிவிட்டுப் போவது இதனால்தான் தவறு. அந்தக் கட்டம் வேலைக்குத் தொடர்பில்லாத பழைய குறைகளைப் பதிவு செய்வதற்கு. உங்கள் வேலை எதை நம்பி நிற்கிறதோ அதில் உள்ள குறையை அங்கே எழுதிவிட்டுக் கடந்துபோக முடியாது.

முடிவு: பெட்டி மாற வேண்டும். உலோகப் பெட்டி, சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) தடுப்புச் சாதனம், ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் ஏ வகை ஆர்சிபிஓ. பெட்டி மாறினால் இஐசி. ஓர் இஐசியே பெட்டியையும் சாக்கெட்டுகளையும் விசிறியையும் கொட்டகையையும் தாங்கும். தனித்தனி மைனர் வொர்க்ஸ் எழுத வேண்டியதில்லை. அறிவிப்பும் ஒன்றே போதும். செலவு கூடுகிறது என்பதை வீட்டுக்காரரிடம் வேலை தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். சாக்கெட் மாட்டிய பிறகு சொன்னால் அவரால் மறுக்கவும் முடியாது, நம்பவும் முடியாது.

ரிங்கில் மறைந்திருந்த முறிவு

ரிங் சர்க்யூட்டின் மொத்தச் சுற்று 60 மீட்டர், 2.5 சதுர மி.மீ. கேபிள், அதன் எர்த் கம்பி 1.5. முனைக்கு முனை பேஸ் 0.44 ஓம், நியூட்ரல் 0.44 ஓம் வர வேண்டும். எர்த் 0.73 ஓம் வர வேண்டும், ஏனென்றால் 1.5 கம்பியின் தடை 1.67 மடங்கு. பேஸும் நியூட்ரலும் சரியாக வந்தன. எர்த் திறந்திருந்தது. ஒரு சாக்கெட்டுக்குப் பின்னால் கம்பி திருகிலிருந்து நழுவியிருந்தது.

மின்சாரம் உள்ள நிலையில் சாக்கெட்டில் மீட்டரைச் செருகி வளையத் தடை (பழுதின்போது மின்னோட்டம் பேஸில் போய் எர்த்தில் திரும்பும் முழுப் பாதையின் தடை) மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் குறை தெரியாது. எர்த் ஒரு பக்கமாக மட்டும் போனால்கூட மிக மோசமான இடத்தில் 0.73 ஓமும் பெட்டியில் அளந்த வளையத் தடையான 0.18 ஓமும் சேர்ந்து ஏறத்தாழ 0.91 ஓம். 32 ஆம்பியர் பி வகை (Type B) பிரேக்கருக்கு அனுமதி 1.37. அதில் 80 சதவீதம் என்று இறுக்கிப் பிடித்தாலும் 1.10. மீட்டர் தேர்ச்சி என்று சொல்லிவிடும். இன்னொரு இடத்திலும் கம்பி நழுவினால் இரண்டு முறிவுகளுக்கும் இடையே உள்ள சாக்கெட்டுகளுக்கு எர்த்தே இருக்காது. மைனர் வொர்க்ஸ் படிவத்தில் ரிங்கின் மூன்று கம்பிக்கும் தனித்தனிக் கட்டம் இருப்பது இதற்காகத்தான். பேஸ் முறிந்திருந்தால் இன்னும் மோசம். தனிக் கிளையாகிவிட்ட 2.5 கேபிள் 32 ஆம்பியர் பிரேக்கரின் கீழ் சூடேறும். சுவரில் நேரடியாகப் பதித்தால்கூட அதன் தாங்குதிறன் 27 ஆம்பியர்தான். முறிவைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் பிரேக்கரை 20 ஆம்பியராகக் குறைத்துவிட வேண்டும்.

கம்பியைத் திருகி முடித்ததும் ரிங்கின் நடுவில் பேஸும் எர்த்தும் சேர்ந்த தடை 1.17இல் நான்கில் ஒரு பங்கு, அதாவது 0.29 ஓம். புதிய ஸ்பர் ஒவ்வொன்றும் 3 மீட்டர். அதற்கு 0.06 கூட்டி, பெட்டியின் 0.18ஐயும் சேர்த்தால் 0.53 ஓம். அளந்த எண் இதிலிருந்து அதிகம் விலகினால் எங்கோ திருகு தளர்வாக இருக்கிறது. பியூஸ் இல்லாத ஸ்பரில் ஒரு சாக்கெட்டுக்கு மேல் தொடரக் கூடாது, ஒற்றையானாலும் இரட்டையானாலும். சமையலறை மேடையில் கெட்டிலும் ஏர் பிரையரும் அருகருகே ஓடும். இடம் கொடுத்தால் ஸ்பரைத் தவிர்த்து ரிங்கையே வெட்டிச் சேர்ப்பது நல்லது.

விளக்குகள் தட்டிவிட்டன

பெட்டி மாறி, கீழ்தள விளக்கும் மாடி விளக்கும் தனித்தனி ஆர்சிபிஓவில் வந்ததும், மாடிப்படி விளக்கைப் போட்டவுடன் ஓர் ஆர்சிபிஓ தட்டிவிடும், அதாவது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பழைய வீடுகளில் இதை எதிர்பார்த்தே பெட்டியைத் திறக்க வேண்டும். படி விளக்கின் பேஸ் ஒரு சர்க்யூட்டிலிருந்தும் நியூட்ரல் இன்னொன்றிலிருந்தும் வருகிறது. கடன் வாங்கிய நியூட்ரல் என்பார்கள். போன மின்னோட்டம் அதே ஆர்சிபிஓ வழியாகத் திரும்பாததால் அது கசிவு என்று எடுத்துக்கொள்கிறது. பழைய பெட்டியில் இரண்டும் ஒரே நியூட்ரல் பாரில் சேர்ந்ததால் தெரியாமல் இருந்தது. சரியான தீர்வு, இருவழி ஸ்விட்சின் வயரிங்கை மாற்றி இரண்டையும் ஒரே சர்க்யூட்டிலிருந்து எடுப்பது. சுவரை உடைக்க முடியாத வீட்டில் இரண்டு விளக்கு சர்க்யூட்டையும் ஒரே 6 ஆம்பியர் ஆர்சிபிஓவின் கீழ் சேர்க்கிறார்கள். அப்படிச் செய்தால் வீடு முழுவதும் ஒரே நேரத்தில் இருளும் என்பதை வீட்டுக்காரரிடம் சொல்லி, இஐசியின் குறிப்பிலும் எழுத வேண்டும்.

காப்புத்தடைச் சோதனை 500 வோல்ட்டில். குறைந்தபட்சம் 1 மெகா ஓம். எல்இடி விளக்குகளும் டிம்மரும் இணைந்திருந்தால் எண் பொய்யாகக் குறையும், சாதனமும் கெடும். முதலில் அவற்றைப் பிரித்துவிடுங்கள். சர்ஜ் தடுப்பானையும் அப்படியே.

கொட்டகைக்குத் தனி வழி

பெட்டி எப்படியும் மாறுவதால் கொட்டகையை ரிங்கில் தொங்கவிடத் தேவையில்லை. 20 ஆம்பியர் ஆர்சிபிஓ, 20 மீட்டர் கவசக் கேபிள். 2.5 சதுர மி.மீ. என்றால் ஆம்பியருக்கு மீட்டருக்கு 19 மில்லிவோல்ட்: முழுச் சுமையில் 7.6 வோல்ட் இழப்பு, 3.3 சதவீதம். விளக்குக்கு எல்லை 3 சதவீதம், அதாவது 6.9 வோல்ட். 4 சதுர மி.மீ. போட்டால் 12 மில்லிவோல்ட், இழப்பு 4.8 வோல்ட். ஆகவே 4. இந்தக் கணக்கை எழுதி வைத்திருப்பவர்தான் இஐசியில் வடிவமைப்பாளர் என்று கையெழுத்திடத் தகுந்தவர்.

படிவத்தில் எழுதும் சொற்கள்

இஐசியில் வேலையின் எல்லை என்ற கட்டம் இருக்கிறது. அதில் 'மறுவயரிங்' என்றோ 'பொது மின்வேலை' என்றோ எழுதினால், நீங்கள் தொடாத பழைய கேபிள்களுக்கும் பொறுப்பேற்றது போலாகும். இப்படி எழுதலாம்: பியூஸ் பெட்டி மாற்றம், பிரதான எர்த் 16, எரிவாயு பாண்டிங் 10 சதுர மி.மீ. ஆக உயர்வு, ரிங் சர்க்யூட்டில் சமையலறையில் இரண்டு இரட்டைச் சாக்கெட் சேர்ப்பு, மாடி விளக்கு சர்க்யூட்டில் குளியலறை விசிறி சேர்ப்பு, கொட்டகைக்குப் புதிய சர்க்யூட். மற்ற பழைய வயரிங் இந்தச் சான்றிதழில் அடங்காது, ஆனால் எல்லா சர்க்யூட்டும் சோதிக்கப்பட்டு முடிவு பட்டியலில் உள்ளது. கண்ட பழைய குறைகள் குறிப்புக் கட்டத்தில்.

வெளிப்புற வளையத் தடையை, அதாவது வீட்டுக்கு வெளியே உள்ள பாதையின் தடையை, பிரதான எர்த்தைக் கழற்றித்தான் அளக்க வேண்டும், அதற்கு முன் மெயினை அணைத்திருக்க வேண்டும். பெட்டியில் பாண்டிங்கோடு அளந்த எண்ணை அங்கே நகலெடுத்தால் அது இணையான பாதைகளையும் சேர்த்துக் குறைவாகக் காட்டும். அளந்து முடித்ததும் எர்த்தைத் திரும்பப் பூட்டிய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். ஆர்சிபிஓ ஒவ்வொன்றையும் 30 மில்லிஆம்பியரில் சோதித்து 300 மில்லிவினாடிக்குள் துண்டிக்கிறதா என்று பதிய வேண்டும்.

அசல் தாள் வேலையைக் கொடுத்தவரிடம் போகிறது, நகல் ஒப்பந்தக்காரரிடம் நிற்கிறது. பதிவு பெற்ற எலக்ட்ரீசியன் தன் பதிவுத் திட்டத்தின் வழியாக 30 நாளுக்குள் அறிவிப்பார். கட்டட விதி இணக்கச் சான்றிதழ் அதன் பிறகு வீட்டுக்காரருக்குத் தனியாக வரும். இஐசியும் அதுவும் வேறு வேறு தாள்கள். பதிவு இல்லாதவர் செய்வதானால் வேலை தொடங்கும் முன்பே கட்டட அதிகாரியிடம் சொல்ல வேண்டும். வீட்டை விற்கும்போது வழக்கறிஞர் படிவத்தில் 2005 ஜனவரி 1க்குப் பிறகு மின்வேலை நடந்ததா என்று கேட்பார்கள். அப்போது இரண்டையும் தேடுவார்கள்.

இந்த இஐசி வந்ததால் ஐந்தாண்டு இஐசிஆர் தள்ளிப்போகாது. பழைய கேபிள்களை அது மதிப்பிடவில்லை. மறுபக்கம், இஐசிஆரில் சி2 (ஆபத்தாக மாறக்கூடியது) என்று குறித்த ஒரு குறையைச் சரிசெய்யும்போது கொடுக்கும் மைனர் வொர்க்ஸ் தாள் வீட்டுக்காரருக்கு மிகவும் பயன்படும். 28 நாளுக்குள் சரிசெய்ததற்கு எழுத்துச் சான்று கேட்கும்போது கொடுக்க வேண்டியது அதுதான். அந்தத் தாளின் விவரக் கட்டத்தில் இஐசிஆரின் தேதியையும் அந்தக் குறையின் வரிசை எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.